தை, மாசியில் என்ன விதைக்கலாம்? புதிதாக மாடித்தோட்டம் போடுபவர்களுக்கு

வசந்தகாலத்தில் விதையுங்கள் என்று ஏதோ வெளிநாட்டு வீடியோவில் பார்த்துவிட்டு, ஏப்ரல் கடைசி வாரத்தில், திருச்சியில், மொட்டைமாடியில், தக்காளி, கேரட், முட்டைக்கோஸ் என்று கையில் கிடைத்த பாக்கெட்டையெல்லாம் பிரித்துப் போட்டவன் நான். கேரட் முளைக்கவே இல்லை. முட்டைக்கோஸ் முளைத்து, நான்கு இலை விட்டு, அப்படியே நின்றுவிட்டது. தக்காளி மட்டும் இடுப்பளவு வளர்ந்தது, பூவும் பூத்தது, பூத்ததெல்லாம் காம்போடு உதிர்ந்து தரையில் கிடந்தது. எதிர்வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "கத்திரி வெயில்ல காய்க்கணும்னா தையிலயே போட்டிருக்கணும்ப்பா" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நம் கணக்கில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். பேர்தான் இளவேனில், மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை போகும் அக்கினி நட்சத்திரம் முழுசாக அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த வெயிலில் முளைக்கும் நாற்று தாக்குப்பிடிக்காது. ஆனால் அதற்குள் வேர் நன்றாக இறங்கிவிட்ட செடி தாங்கும், காய்க்கவும் செய்யும். ஆகவே வசந்தத்தில் காய் பறிக்க வேண்டும் என்றால் விதைப்பு தைப்பட்டத்திலும் மாசிப்பட்டத்திலும், அதாவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குள் முடிந்துவிட வேண்டும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழி இருக்கும் செல்வாக்கில் மற்ற பட்டங்களை எல்லாரும் மறந்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் முதன்முதலில் தோட்டம் போடுகிறவர்களுக்குத் தைப்பட்டம்தான் சௌகரியம்: ஆடிக்காற்று கிடையாது, ஐப்பசி மழையில் செடிப்பைக்குள் வேர் அழுகும் பிரச்சினை கிடையாது, காலையில் எழுந்து மாடிக்குப் போக உடம்பும் ஒத்துழைக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்

விதை வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கும், 12 மணிக்கும், 4 மணிக்கும் மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுங்கள். காய்கறிக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கீரைக்கு நாலு மணி நேரம் போதும். கிழக்கு வெயில் முழுசாகக் கிடைத்து, மேற்கு வெயில் தண்ணீர்த்தொட்டி நிழலிலோ பக்கத்து வீட்டுச் சுவர் நிழலிலோ மறையும் இடம் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அங்கே கீரையையும் வெள்ளரியையும் வையுங்கள். அப்படி இடம் இல்லாதவர்கள் பங்குனி பிறப்பதற்குள் மேற்குப் பக்கம் மட்டும் 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டிவிடலாம். தலைக்கு மேலே முழுசாக மூடினால் கொடிவகைகள் பூக்காது, இலையாகவே வளரும்.

பைகளை நேராகத் தளத்தில் வைக்காதீர்கள். இரண்டு செங்கல் அடுக்கி, அதன்மேல் வையுங்கள். அடியில் காற்று போகும், தளத்தின் சூடு வேருக்கு ஏறாது, ஓதமும் தங்காது. நனைந்த பெரிய பை நாம் நினைப்பதைவிட அதிக கனம், ஆகவே மாடியின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக, உத்திரம் போகும் பக்கமாக வைப்பது நல்லது.

மண் கலவை

செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழுவுரமோ ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. நார்க்கழிவு கட்டியாகக் கிடைக்கும், அதை ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீராவது மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதில் இருக்கும் உப்பு நாற்றைக் கருக்கிவிடும். மாட்டுச்சாணம் பச்சையாகவோ அரைகுறையாக மக்கியோ இருந்தால் போடவே வேண்டாம், சூடு கிளம்பும், கூடவே வேர்ப்புழுவும் வரும். கலவையைப் போட்ட அன்றே விதைக்காமல், பையில் நிரப்பி, தினம் லேசாகத் தண்ணீர் தெளித்து ஒரு வாரம், பத்து நாள் விட்டுவிடுங்கள். மார்கழிக் கடைசியில் கலவை தயாராக இருந்தால் பொங்கல் கழிந்த கையோடு விதைக்கலாம்.

பையின் அளவு: கீரைக்கு அகலமான, அரை அடி ஆழத் தொட்டி போதும். வெண்டை, கத்தரி, மிளகாய்க்கு 12 அங்குலப் பை. கொடிவகைக்கு 15 அங்குலத்துக்குக் குறைந்து போகாதீர்கள், 18 இருந்தால் இன்னும் நல்லது, கோடையில் சின்னப் பை அரைநாளில் காய்ந்துவிடும். கறுப்புப் பை இந்தப் பருவத்துக்கு ஆகாது. வெளியே வெள்ளையாக இருக்கும் பை வாங்குங்கள்.

விதை

பாக்கெட்டில் தேதி பாருங்கள். அப்புறம், பத்து விதையை ஈரத்துணியில் மடித்து ஒரு டப்பாவில் வைத்து, ஐந்தாறு நாளில் எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். ஏழுக்குக் குறைந்தால் குழிக்கு இரண்டுக்குப் பதில் நான்கு விதை போட வேண்டியிருக்கும். நான் ஒருமுறை கடையில் வாங்கிய பாகல் விதை பத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை, அதைப் பையில் போட்டுவிட்டு மூன்று வாரம் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்ததுதான் மிச்சம். அன்றிலிருந்து இந்தச் சோதனை செய்யாமல் விதைப்பதில்லை. ரோஸ், நீலம் என்று சாயம் ஏற்றிய விதைகள் மருந்து தடவியவை. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நாட்டு விதையா, ஒட்டு விதையா (இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்தது) என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அடுத்த பட்டத்துக்குச் சொந்த விதை எடுக்க வேண்டும் என்றால் நாட்டு விதையோ, பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட ரகமோ வாங்குங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் விதை விற்பனை உண்டு. வெண்டையில் அர்கா அனாமிகா, கொத்தவரையில் பூசா நவ்பகார் இரண்டும் பழகிய, நம்பக்கூடிய ரகங்கள்.

இனி எதை, எப்போது

வெண்டையில் தொடங்குங்கள். இதைவிட எளிதாகப் புதியவருக்குக் கைகொடுக்கும் காய் இல்லை. முந்தின இரவு விதையை ஊறவைத்து, காலையில் பைக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். நாற்று விட்டுப் பிடுங்கி நடும் வேலை வேண்டாம், வெண்டையின் ஆணிவேருக்கு அது பிடிக்காது. நாலைந்து நாளில் முளைக்கும். இரண்டு இலை வந்ததும் நல்லதை விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிடுங்கள் (பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்). 40 நாளில் பூ, 45 முதல் 50 நாளில் முதல் காய். எத்தனை செடி என்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். மூன்று செடி வைத்தால் ஒரு நாளைக்கு மூன்று காய் வரும், அதை ஃபிரிட்ஜில் சேர்த்து வைத்து நாலாம் நாள் பொரியலுக்கு எடுப்பதற்குள் முதல் காய் வாடிப்போயிருக்கும். நாலு பேர் உள்ள வீட்டுக்குக் குறைந்தது எட்டு, பத்து செடி வேண்டும். காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், ஊருக்குப் போய்விட்டு நாலு நாள் கழித்து வந்தால் விறகு வெட்டுவதுபோல வெட்டலாம். இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் நரம்பு நோய். மருந்து இல்லை. பாவம் பார்க்காமல் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.

கொத்தவரையும் தட்டைப்பயறும் வெயிலுக்கென்றே பிறந்தவை. மாசிக் கடைசியில் போட்டாலும் கோபித்துக்கொள்ளாது. ஒருநாள் தண்ணீர் விட மறந்தாலும் பிழைக்கும். 12 அங்குலப் பைக்கு மூன்று செடி விடலாம். ஒன்றரை மாதத்தில் காய். இரண்டும் பயறு வகை என்பதால் காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சில் சேர்த்துக்கொள்ளும், உரம் அதிகம் கேட்காது. அவரை போட ஆசைப்படுகிறவர்கள் கவனியுங்கள்: பந்தலில் ஏறும் நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். தையில் போட்டால் கொடி மாடியெல்லாம் படர்ந்து கார்த்திகை வரை ஒரு பூ காட்டாது. அதற்கு ஆடிதான். இப்போதே அவரை வேண்டுமென்றால் குத்து அவரை போடுங்கள், அது பருவம் பார்க்காது.

கீரையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு தொட்டியாக விதைப்பதுதான் வழி. நாலு தொட்டியிலும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே வாரத்தில் கீரை மலையாகக் குவிந்து, அடுத்த மாதம் கடையில் வாங்குவீர்கள். சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை எல்லாமே இந்தப் பருவத்துக்கு ஒத்துவரும். விதை கடுகைவிடப் பொடி. இரண்டு பங்கு மணலோடு கலந்து தூவி, மேலே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மண் தூவி, ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். சாக்கின்மேல் தண்ணீர் தெளித்தால் விதை ஒரு மூலைக்கு ஓடாது, வெயிலிலும் காயாது. மூன்றாம் நாளிலிருந்து தினம் தூக்கிப் பாருங்கள், முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும், தொட்டியைச் சுற்றி மஞ்சள்தூள் கோடு போடுங்கள், ஓரளவுக்குக் கேட்கும். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ள வரும். கொத்தமல்லியும் வெந்தயமும் தை முடிவதற்குள் ஒரு முறை போட்டு எடுத்துவிடுங்கள், அதற்குமேல் கொத்தமல்லி நாலு இலையிலேயே பூத்துவிடும். கோடை முழுக்கக் கீரை வேண்டுமென்றால் ஒரு தொட்டியில் கொடிப்பசலைத் தண்டு ஒன்றை ஊன்றிவிடுங்கள்.

தக்காளி விஷயத்தில் நான் கறார். விதை தை முதல் வாரத்தில் குழித்தட்டில் (நாற்று விடுவதற்கான, சின்னக் குழிகள் உள்ள தட்டு) விழுந்தாக வேண்டும். 25 நாளில் நாற்று, மாசி முதல் வாரத்தில் நடவு, பங்குனியில் பூ, சித்திரைக்குள் காய். பங்குனி தாண்டிப் பூத்தால், பகல் வெயிலைவிட ராத்திரிச் சூடுதான் கெடுக்கிறது, இரவிலும் புழுக்கம் குறையாத ஊரில் மகரந்தம் சரியாகச் சேராமல் பூ உதிரும். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது, கடைக்காரர் எந்தப் பாட்டிலைக் காட்டினாலும் வாங்காதீர்கள். தாமதமாகிவிட்டால் விதையை விட்டுவிட்டு நாற்றுப்பண்ணையில் நாற்றாக வாங்கி நடுங்கள், அல்லது அந்தப் பைகளைக் கத்தரிக்குக் கொடுத்துவிடுங்கள். கத்தரி 30 முதல் 35 நாள் நாற்று, மிளகாய் 40 நாள் வரை. இரண்டும் வெயிலைத் தாங்கும், கோடை முடிந்து ஆடியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். மிளகாயில் கோடை என்றால் இலைச்சுருட்டை வரும். பெரும்பாலும் இலைப்பேன்தான் காரணம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒருமுறை தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது பாதி வேலையைச் செய்துவிடும்.

கொடிவகை: இதற்குத்தான் இந்தப் பட்டம்

பாகல், பீர்க்கு, புடலை, சுரை, வெள்ளரி, பூசணி. இவற்றை மாசி பிறப்பதற்குள் விதைக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. நாள் நீண்டு, சூடு ஏற ஏற ஆண்பூ அதிகமாகும், குளிர்ச்சியாக இருந்தால் பெண்பூ அதிகமாகும். தையில் போட்ட கொடி பங்குனியில் பூக்கும்போது பெண்பூ நிறைய எடுக்கும். பங்குனியில் போட்ட கொடி வைகாசியில் ஆண்பூவாகப் பூத்துத் தள்ளும். 'பூ நிறைய வருது, காய் ஒண்ணும் நிக்கல' என்று புலம்புபவர்களில் பலர் விதைப்பு தள்ளிப்போனவர்கள்தான்.

பாகல், சுரை, புடலை விதைக்குத் தோல் தடிமன். நகவெட்டியால் கூரான முனையை லேசாகக் கிள்ளி, 12 மணி நேரத்துக்குமேல் ஊறவைத்து ஊன்றுங்கள். பைக்கு மூன்று விதை, பிறகு இரண்டு செடி, 15 அங்குலப் பை என்றால் ஒன்றே ஒன்று. முளைத்த முதல் பத்து நாள் சிவப்பு வண்டிடமிருந்து காப்பாற்ற வேண்டும், இரண்டு விதையிலையையும் சல்லடையாக்கிவிடும். காலையில் வெயில் ஏறுவதற்குமுன் அது மந்தமாக இருக்கும், கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். இரவில் பழைய கொசுவலைத் துண்டால் மூடுவது என் வழக்கம்.

வெள்ளரி 40, 45 நாளிலேயே காய்க்கும். பாகலும் பீர்க்கும் இரண்டு மாதம். சுரை, புடலைக்கு அதற்குமேல் கொஞ்சம். பூசணிக்கு மூன்று மாதம், இடமும் நிறைய வேண்டும், முதல் வருடம் விட்டுவிடலாம். பந்தல் என்று பயப்படாதீர்கள். நான்கு பெயின்ட் டப்பாவில் மணலோ சிமென்ட் கலவையோ நிரப்பி மூங்கில் நட்டு, மேலே நைலான் வலை கட்டினால் பந்தல். மூங்கிலைக் கைப்பிடிச் சுவரோடும் சேர்த்துக் கட்டுங்கள், சித்திரையில் வரும் கோடைமழை காற்றோடுதான் வரும். கொடி பந்தலைத் தொடும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள், பந்தலில் ஏறியதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பரவும், பெண்பூ அவற்றில்தான் அதிகம்.

மூன்றாவது நாலாவது மாடிக்குத் தேனீ வராமல் போகலாம். வராவிட்டால் நீங்கள்தான் தேனீ. பெண்பூவின் கீழே குட்டிக் காய் இருக்கும், ஆண்பூவுக்கு வெறும் காம்பு. ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவினால் முடிந்தது. நேரம் முக்கியம்: பூசணி, வெள்ளரி, பாகல் காலையில் விரியும், 8 மணிக்குள் செய்துவிடுங்கள். பீர்க்கு சாயங்காலம் விரியும். சுரையும் புடலையும் பொழுது சாய்ந்தபின் வெள்ளையாக விரியும், அந்துப்பூச்சிக்காகக் காத்திருக்கும் பூக்கள் அவை. டார்ச் எடுத்துக்கொண்டு ராத்திரி மாடிக்குப் போய்ச் சுரைப்பூவைத் தடவுவதைப் பார்த்தால் வீட்டில் சிரிப்பார்கள். காய் வந்ததும் சிரிப்பு நிற்கும். பிஞ்சு நின்றதும் பழ ஈ குத்தாமல் காகித உறையோ துணிப்பையோ கட்டிவிடுங்கள், குறிப்பாகப் பாகலுக்கு.

'மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். அந்தப் பனியில் கொடி இலைகளில் வெள்ளை மாவு தூவியதுபோலச் சாம்பல் நோய் வரலாம். கீழ் இலைகளை வெட்டி எடுத்து, காற்று போக வழிசெய்து, மோரை நீர்க்கக் கரைத்துத் தெளியுங்கள்.

எதைப் போட வேண்டாம்

சமவெளியில் இருப்பவர்கள் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், பீட்ரூட், பட்டாணி பக்கம் இப்போது போகாதீர்கள், அவற்றுக்கு ஐப்பசி, கார்த்திகைதான். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கட்டுரையே பொருந்தாது. முள்ளங்கி தையில் போட்டால் 40 நாளில் எடுக்கலாம், பங்குனியில் போட்டால் நெட்டி விழுந்து (உள்ளே பஞ்சுபோலாகி) காரமடிக்கும்.

தண்ணீர்

பங்குனிவரை காலை ஒருவேளை போதும், அதற்குப்பின் மாலையிலும் வேண்டும். விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் விட வேண்டாம். நண்பகலில் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி ஊற்றாதீர்கள், கொடிகள் வெயிலுக்குத் தொங்கும், சாயங்காலம் தானே நிமிரும். காலையிலும் தொங்கினால்தான் கவலை. வெயிலில் கிடக்கும் ரப்பர் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் வெந்நீர் மாதிரி இருக்கும், நான் அதைக் கவனிக்காமல் ஒரு தொட்டி அரைக்கீரையை நின்ற இடத்திலேயே அவித்திருக்கிறேன். முதல் ஒரு நிமிடத் தண்ணீரைத் தரையில் விட்டுவிடுங்கள். மண்ணின்மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டைத்தூள், கரும்புச் சோகை, எது கிடைத்தாலும் மூடாக்காகப் போடுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசல்), பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், அவ்வளவுதான் உரம். தளிரில் மொய்த்துச் சாறு உறிஞ்சும் அசுவினி, மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும்.

முதல் வருடம் பத்துப் பன்னிரண்டு பைக்குமேல் வேண்டாம்: எட்டு வெண்டை, இரண்டு கொத்தவரை, ஒரு பாகல், ஒரு பீர்க்கு, கூடவே இரண்டு கீரைத்தொட்டி.

வைகாசியில் கொடி ஓய்வதற்குமுன் நல்ல காயாகப் பார்த்து ஒன்றைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள், வீட்டில் யாரும் சமையலுக்குப் பறித்துவிடாமல் ஒரு சிவப்புத் துணியைக் காம்பில் கட்டிவையுங்கள். பீர்க்கும் சுரையும் கொடியிலேயே காய்ந்து, குலுக்கினால் விதை சத்தம் கேட்க வேண்டும். பாகல் பழுத்து வெடிப்பதற்குமுன் எடுக்க வேண்டும். விதையைக் கழுவி, நிழலில் காயவைத்து, சாம்பலில் புரட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் போடலாம். அந்தக் காலத்தில் சுரை, பூசணி விதைகளைச் சாணத்தில் பதித்துச் சுவரில் வறட்டியாகத் தட்டி வைத்திருப்பார்கள், ஆடி பிறந்ததும் அப்படியே பெயர்த்தெடுத்து ஊன்றுவார்கள். எதிர்வீட்டுப் பாட்டியின் மாடிச் சுவரில் இப்போதும் அப்படி இரண்டு இருக்கிறது.